நாரையைப் பார்க்காத பெண்கள்

"உன் பொண்ணுங்களுக்குக் கண்ணுல ஏதாச்சும் கோளாறா, ஸ்லாவ்கா?"

ரொட்டிக்கடை டோங்கா அக்கா இதைக் கேட்டபோது கடையில் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏங்க்கா?"

"காலையில ரெண்டும் ரொட்டி வாங்க வந்துச்சு. பெரியவ தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டிருக்கா. சின்னவ கண்ணை இறுக்க மூடிக்கிட்டு அவ முதுகைப் பிடிச்சிக்கிட்டு வரா. ரெண்டும் சேர்ந்து என் வெங்காயக் கூடையில விழுந்துச்சுங்க. எந்திரிச்சு, கூடைகிட்ட மன்னிப்பு வேற கேட்டுச்சுங்க."

"கண்ணுல ஒண்ணும் இல்லக்கா. எல்லாம் திமிரு," என்றேன்.

விஷயம் இதுதான். மார்ச் ஒண்ணாம் தேதி எங்கள் ஊரில் எல்லார் மணிக்கட்டிலும் மார்தெனிட்சா ஏறிவிடும். சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கின கயிறு. வருஷத்தின் முதல் நாரையைக் கண்ணால் பார்த்ததும் அதை அவிழ்த்து, பூத்து நிற்கிற மரம் ஒன்றில் கட்டிவிட வேண்டும். நாரை போன வியாழக்கிழமையே வந்து, கடைக்கு எதிர்த்த மின்கம்பத்துக் கூட்டில் குடியேறிவிட்டது. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் கயிற்றை அவிழ்த்தாயிற்று. என் வீட்டு ரெண்டும்தான் ஐந்து நாளாக நாரையைப் பார்க்காமலே நடமாடிக்கொண்டிருந்தன.

பெரியவள் நெவேனாவுக்கு எட்டு வயது. சின்னவள் ரலிட்சாவுக்கு ஐந்து. ரலிட்சாவின் கயிற்றில் இப்போது சிவப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. பீன்ஸ் சூப் இருக்கிறது. வாட்டர் கலர் இருக்கிறது. பூனை கடித்த இடம் ஒன்று இருக்கிறது.

நேற்று கம்பத்தைத் தாண்டும்போது நாரை அலகைத் தட்டியது. டக டக டக.

"அக்கா, ஏதோ சத்தம் கேக்குதே. நாரையா?"

"டிராக்டர்டி."

"மேலயிருந்து கேக்குது."

"பெரிய டிராக்டர்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இன்று மழலைப் பள்ளி டீச்சர் கூப்பிட்டு அனுப்பியதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"எல்லாக் குழந்தைங்களும் முற்றத்துப் பிளம் மரத்துல கயிறு கட்டினாங்க. உங்க பொண்ணு மேஜைக்கு அடியில போய் உக்காந்துட்டா. இழுத்தா, மேஜையும் கூடவே வருது."

"மன்னிச்சுக்குங்க டீச்சர்."

"நீ நாரையைப் பாத்தியா இல்லையான்னு கேட்டேன். நாரைன்னா என்ன டீச்சர்ங்கறா. போன மாசம் நாரை வரைஞ்சு என்கிட்ட ஸ்டார் வாங்கினவ." டீச்சர் குரலைத் தணித்தாள். "இந்த வயசுல இவ்வளவு பொய் ஆகாதும்மா. செல்லம் கொஞ்சம் ஜாஸ்தியோ என்னவோ. கண்டிச்சு வைங்க."

ரலிட்சாவைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். நெவேனா பள்ளி விட்டு வாசலில் நின்றாள். ரெண்டு பேரையும் நேரே கம்பத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"பாருங்கடி மேல."

ரெண்டும் கண்ணை மூடிக்கொண்டன. ரலிட்சா கண்ணோடு சேர்த்து வாயையும் மூடிக்கொண்டாள். மோவாயைப் பிடித்து நிமிர்த்தினேன். நாரை குனிந்து அவளைப் பார்த்தது. அவள் நாரையைப் பார்க்கவில்லை.

"பாத்ததைப் பாக்கலைன்னு சொல்றது பொய்யா இல்லையா?"

"நாங்க பாக்கவே இல்லையே," என்றாள் நெவேனா. "பாக்காம இருக்கத்தானேம்மா இவ்வளவு கஷ்டப்படறோம்."

"அப்படி என்னடி கஷ்டம்? இந்த அழுக்குக் கயிறு என்ன தங்கமா?"

நெவேனா செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினாள். பிறகு, "அப்பாதான் சொன்னாரு," என்றாள்.

"என்னன்னு?"

"நாரை வந்துட்டா நான் ஜெர்மனிக்குக் கிளம்பணும்னு. போனா முதல் பனி விழும்போதுதான் வருவேன்னு."

"அதுக்கு?"

"நாங்க பாக்கலைன்னா அது இன்னும் வரலைன்னுதானே அர்த்தம்?"

என் புருஷன் பிளாமென் வருஷா வருஷம் சொல்கிற வார்த்தைதான் அது. அங்கே கட்டட வேலை ஆரம்பிக்கிற காலமும் இங்கே நாரை வருகிற காலமும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வேன் வருகிறது. ஊரில் இன்னும் ஆறு ஆம்பளைகள் அதில் போகிறார்கள்.

டீச்சர் சொன்னது காதில் இருந்தது. வீட்டில் யாராவது ஒருத்தர் கண்டிப்பு காட்டித்தானே ஆக வேண்டும். பிள்ளைகள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"கண்ணுங்களா, கண்ணை மூடிக்கிட்டா வேன் வராம போயிடுமா? அது நாரையைக் கேட்டுக்கிட்டா வருது? கயித்தை அவுக்காட்டியும் அப்பா போகத்தான் போறாரு. ரலி சின்னவ, அவளுக்குத் தெரியாது. எட்டு வயசாச்சே, உனக்குத் தெரிய வேணாமா?"

நெவேனா தலையைக் குனிந்துகொண்டாள். ரலிட்சா அழ ஆரம்பித்தாள். அழுதால் அவளுக்கு முதலில் மூக்குதான் ஒழுகும். துடைக்க வேறெதுவும் கிடைக்காமல் என் ஸ்வெட்டர் கையை இழுத்து, மூக்கை அழுத்தித் துடைத்தாள். இழுத்த இழுப்பில் ஸ்வெட்டர் கை முழங்கை வரை ஏறிவிட்டது.

அவள் அழுகை பாதியில் நின்றது. என் மணிக்கட்டைப் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். அக்காவுக்கும் காட்டினாள். சிவப்பும் வெள்ளையுமாக, மார்ச் ஒண்ணாம் தேதி பிளாமென் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

"அம்மா," என்றாள் நெவேனா மெதுவாக, "நீ நாரையைப் பாத்துட்டதானே?"

ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"எந்த நாரை?" என்றேன்.