கம்பியை விடாத கண்டக்டர்

“பாதி ஆபரேஷன்ல முழிப்பு வந்துட்டா என்ன பண்ணுவீங்க டாக்டர்?”

வார்டே திரும்பிப் பார்த்தது. பித்தப்பைக் கல்லுக்காக வந்திருந்த அந்த பஸ் கண்டக்டருக்குக் கடைசி சீட்டுக்கும் கேட்கிற குரல். கையில் போன். அதில், மயக்க மருந்தைப் பற்றி ஆஸ்பத்திரியே நோயாளிகளுக்கு அனுப்பிய வீடியோ.

மயக்க மருந்து டாக்டரம்மாவுக்கு எரிச்சல் பொங்கியது. அந்த வீடியோவை அனுப்பச் சொன்னதே அவர்தான். வீட்டிலேயே பார்த்துவிட்டு வந்தால் சந்தேகம் குறையும் என்று நினைத்தார். இந்த மனிதருக்கு என்னவென்றால் அது குட்டி போட்டுக்கொண்டே போகிறது.

“முழிப்பு வராது. முடியற வரைக்கும் உங்க தலைமாட்டுலயேதான் நிப்பேன்.”

“ஊசியைப் போட்டுட்டு வெளியே போயிட மாட்டீங்களே?”

“போக மாட்டேன்.”

“கொஞ்சம் சத்தமா சொல்லுங்க டாக்டர்.”

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கண்டக்டருக்கு ‘நெட் டாக்டர்’ என்று பட்டப்பெயர் வைத்தவளே அவள்தான்.

“பல்செட்டைக் கழட்டிடணுமா?”

“உங்களுக்கு ஏது பல்செட்?”

கண்டக்டர் வாய் நிறைய சொந்தப் பல்லைக் காட்டினார். “சும்மா பொதுவாக் கேட்டேன்.”

“கழட்டிடணும். இல்லேன்னா குழாய் வைக்கறப்ப தொண்டைக்குள்ள போயிடலாம்.”

மூலைக் கட்டில் பெரியவர் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

“சிகரெட் பிடிக்கிற ஆளா இருந்தா?”

“நீங்க பிடிப்பீங்களா?”

“சேச்சே, அந்தப் பழக்கமே இல்ல.”

டாக்டரம்மாவின் பொறுமை பறந்தது. “ஒரு வீடியோவைப் பார்த்துட்டு எனக்கே பரீட்சை வைக்கிறீங்களா? உங்களை மாதிரி ஆளுங்களுக்குப் பதில் சொல்லியே எனக்குப் பாதி நாள் போயிடுது.”

கண்டக்டரின் முகம் சுருங்கிவிட்டது. பக்கத்தில் உறவுக்காரர்களுக்காகப் போட்டிருந்த நாற்காலியின் பக்கம் திரும்பிக்கொண்டார். அதில் அவருடைய சட்டைதான் தொங்கியது.

அன்றைக்கு முதல் ஆபரேஷன் பக்கத்துக் கட்டில் வெல்டருக்கு. குடலிறக்கம். வாட்டசாட்டமான ஆள், வந்ததிலிருந்து சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். “வெறும் வயிறுதானே?” என்று நர்ஸ் கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினார். ஸ்ட்ரெச்சர் வந்ததும் பேசாமல் ஏறிப் படுத்தார்.

ஸ்ட்ரெச்சர் நகரும் நேரம் பார்த்து, கண்டக்டர் எட்டி அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“டாக்டர், இன்னும் ஒண்ணே ஒண்ணு.”

“முதல்ல கையை எடுங்க.”

“பதில் சொல்லுங்க, எடுக்கறேன்.”

நர்ஸ் வந்து விரலைப் பிரிக்கப் பார்த்தாள். உடும்புப் பிடி. அசையவில்லை.

“காலையில யாருக்கும் தெரியாம பால் டீ குடிச்சிட்டு ஒருத்தன் போய்ப் படுத்தா என்ன ஆகும்?”

டாக்டரம்மா திடுக்கிட்டார். “குடிச்சிட்டீங்களா?”

“நான் குடிக்கல. என்ன ஆகும், சொல்லுங்க.”

“மயக்கத்துல அது மேல வந்து நுரையீரலுக்குள்ள இறங்கிடும். உசிருக்கே ஆபத்து.”

“குடிச்சேன்னு முன்னாடியே சொல்லிட்டா?”

“சொல்லிட்டா ஒண்ணும் இல்ல. நாளைக்குப் பண்ணிக்கலாம்.”

“தேதி கெடைக்காம மாசக்கணக்கா இழுக்குமா?”

“நாளைக்கு முதல் ஆளா நானே எடுத்துக்குவேன்.”

“திட்ட மாட்டீங்களே?”

“உண்மையைச் சொல்றவரை நான் எதுக்குத் திட்டப் போறேன்?”

கண்டக்டர் குனிந்து ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. கம்பியையும் விடவில்லை.

“நான் குடிச்சிட்டேன், டாக்டரம்மா,” என்றார் வெல்டர் மெதுவாக. “பயத்துல ராத்திரி பூரா தூக்கமில்ல, தலைவலி தாங்கல. சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவீங்கன்னு மறைச்சுட்டேன்.”

இன்னும் கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா தன் கையாலேயே அவருக்கு மயக்க ஊசி போட்டிருப்பார்.

“தெரிஞ்சும் ஏன் எங்கிட்ட நேரா சொல்லல?” என்றார் கண்டக்டரிடம்.

“காட்டிக்கொடுத்தா அண்ணன் எழுந்து போயிடுவார், டாக்டர். ஏற்கெனவே ஒரு தடவை பயந்து ஓடினவராம். அவர் டீ குடிச்சதைப் பார்த்ததும் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். போன்ல வர்றதெல்லாம் கதைன்னுட்டார். உங்க வாயால வந்தாத்தான் நம்புவார்னு தோணுச்சு.”

“அப்ப அந்தப் பல்செட்டு?”

“மூலையில படுத்திருக்கிற பெரியவருக்கு. கேக்க வெக்கப்பட்டார். சிகரெட்டும் அவருதான்.”

பெரியவர் இந்தத் தடவை இருமவில்லை. தண்ணீர் டம்ளரை எடுத்து, பல்செட்டைக் கழற்றி அதில் போட்டார்.

டாக்டரம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. தான் அனுப்பச் சொன்ன வீடியோவை இந்த வார்டில் ஒழுங்காகப் பார்த்த ஒரே ஆளைத்தான் அவர் எல்லார் முன்னாலும் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறார்.

“இன்னும் கேள்வி இருந்தா கேளுங்க,” என்றார். “எத்தனை இருந்தாலும் சொல்றேன்.”

“ஒண்ணு பாக்கி இருக்கு. இது மட்டும்தான் என்னோடது.” கடைசி சீட்டுக்கும் கேட்கிற அந்தக் குரல், பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டுமே கேட்கிற அளவுக்கு இறங்கியது. “கண்ணு முழிக்கறப்ப பக்கத்துல யாராவது இருப்பாங்களா, டாக்டர்?”

டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் வெல்டர் ஸ்ட்ரெச்சரிலிருந்து இறங்கி வந்தார். நாற்காலியில் தொங்கிய சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“நான் இருப்பேன்,” என்றார், வார்டு முழுக்கக் கேட்கும்படி.