நத்தை வயிற்று முத்து

தையல்காரர் மீன்தொட்டிக்கென்று வாங்கியது ஒரே ஒரு செடிதான். அதில் ஒட்டிக்கொண்டு வந்த நத்தைகள் கண்ணாடி முழுக்கக் குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிட்டன. தினமும் படுக்கப்போகுமுன் ஒரு வெள்ளரித் துண்டைத் தொட்டியில் போடுவார். விடிந்ததும் அதை மொய்த்திருக்கும் நத்தைகளை எடுத்து, கத்தரிக்கோல் பிடியால் நசுக்கி, மீன்களுக்கே போட்டுவிடுவார்.

"நத்தை வயித்துலயும் முத்து பொறக்கும்னு சொல்றாங்களேப்பா?" என்றாள் மகள்.

"பொறந்தா ஒனக்குக் கம்மல், எனக்கு ரிட்டயர்மென்ட்," என்று சொல்லி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

ஒருநாள் நசுக்கிய நத்தைக்குள் ஏதோ நறுக்கென்றது. கழுவிப் பார்த்தால் ஒரு பால்பல். ஓரத்தில் எள்ளளவு கறுப்பு.

"ஆ காட்டு."

மகளின் பற்கள் எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருந்தன. முன்பல் ஒன்றின் ஓரத்தில் மட்டும் எள்ளளவு கறுப்பு.

அந்த வாரமே அந்தப் பல் ஆடி விழுந்தது. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன.

"ரெட்டைப் புள்ளைங்கப்பா!" என்று மகள் குதித்தாள். அவருக்கும் ஆவல் தாங்கவில்லை. அன்று வெள்ளரியைத் தடிமனாகவே நறுக்கிப் போட்டார்.

காலையில் ஒரே ஒரு நத்தை, கொழுகொழுவென்று. நசுக்கினார். உள்ளே பெரியவர்களின் முன்பல் ஒன்று. அதன் விளிம்பில், வருஷக்கணக்கில் நூல் கடித்து விழுந்த சின்னப் பள்ளம்.

"ஆ காட்டுப்பா," என்றாள் மகள்.

அவர் உதட்டை இறுக மூடிக்கொண்டு, நாக்கால் தன் முன்பல்லைத் தொட்டுப் பார்த்தார். பல் இருந்தது. லேசாக ஆடியது.