பவளத்துக்கு எந்த உப்பு?

"மூணு நாளா ஒண்ணுமே சாப்பிடலைங்க. நிறமெல்லாம் வெளுத்துப்போய்ச் சுருங்கிக் கிடக்கு. எப்படியாவது காப்பாத்திக் குடுங்க" என்று அவள் கெஞ்சினாள்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் டாக்டர் இல்லை. வண்ண மீன் கடைக்காரர். வெளுத்துக் கிடப்பது அவள் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் இருக்கும் ரோஸ் நிற உயிர்ப் பவளம்.

அதைப் பிள்ளை என்றுதான் சொல்வாள். பதினோரு வருஷம் ஆஸ்பத்திரி படி ஏறி இறங்கி அலுத்த பிறகு, "போதும்மா. உனக்கு நான், எனக்கு நீ" என்று அதற்கு முற்றுப்புள்ளி வைத்தவர் கணவர்தான். மறுமாதமே தொட்டியைக் கொண்டுவந்து ஹாலில் வைத்து, "இனிமே இதுங்கதான் நம்ம பிள்ளைங்க" என்றார். அவளும் மனசாரத்தான் தலையாட்டினாள்.

உப்புக் கரைத்து வாராவாரம் தண்ணீர் மாற்றுவது அவருடைய வேலை. இந்த முறை வெளியூர் போனவர் நாலு நாளாகப் போனையே எடுக்கவில்லை. பக்கெட்டில் உப்பு தீர்ந்துவிட்டது. அதன்மேல் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டும் எப்போதோ ஈரத்தில் உரிந்துபோயிருந்தது. துவைக்கப் போட்ட அவருடைய சட்டைப் பையில் இந்தக் கடையின் கார்டு கிடைத்ததும், பக்கெட்டின் நீல மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்துவிட்டாள்.

கணவரின் போன் நம்பரைச் சொன்னதும் கடைக்காரர் முகம் மலர்ந்தது.

"அட, இன்ஜினியர் சார் வீட்டம்மாவா! உக்காருங்கம்மா. நாலு வருஷமா வர்றாரு, உங்களை இன்னைக்குத்தான் பாக்குறேன். அந்த ஆறடித் தொட்டிதானே?"

"ஆறடியா? மூணடிங்க. அடியில இருக்கிற அலமாரிக்குத் திரை தைச்சதே நான்தான்."

இருபது வருஷமாகத் தையல் மிஷினும் டேப்புமாக இருப்பவள். அவள் சொன்ன அளவில் அரை அங்குலம்கூடப் பிசகாது.

"சார் ஆறடின்னுல்ல சொன்னாரு."

"அவரு எதையும் கொஞ்சம் பெரிசாத்தான் சொல்வாரு" என்று சிரித்தாள். நாலு நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

கடைக்காரர் உள்ளே போய், சிவப்பு மூடி போட்ட பக்கெட் ஒன்றைத் தூக்கிவந்து ஈரத் தரையில் வைத்தார். "இந்தாங்க. சார் எப்பவும் வாங்குற உப்பு."

"எங்க வீட்டுல நீலங்க."

"நீலம் உசந்த சரக்கும்மா. கால்சியமெல்லாம் தூக்கலா இருக்கும். கொம்பு கொம்பா வளர்ற கெட்டிப் பவளத்துக்குப் போடறது. சார் அதை என்கிட்ட ஒருநாளும் வாங்கினதில்லையே. அவரு வச்சிருக்கிறது மெத்து மெத்துன்னு ஆடுற சாதி. அதுக்குச் சிவப்பே போதும்."

அவள் முகம் சுருங்கிப்போனது. அப்படியானால், காலி நீலப் பக்கெட்டில் மட்டமான உப்பைக் கொட்டி வைத்து இத்தனை நாள் நாடகம் ஆடினாரா? 'நம்ம பிள்ளைங்களுக்கு உசந்த உப்புதான்' என்று பக்கெட்டைத் தட்டித் தட்டிப் பெருமை பேசியவர்! கோபத்தைவிட, இப்படி வெள்ளந்தியாக ஏமாந்தோமே என்ற அவமானம்தான் அவளைச் சுட்டது.

"கட்டின பொண்டாட்டிகிட்ட, போயும் போயும் உப்புக்காகவா பொய் சொல்லணும்?"

"சே சே, அப்படிச் சொல்லாதீங்கம்மா. சார் தங்கமான மனுஷன்."

"தங்கம்தான், பக்கெட்டைப் பார்த்தாலே தெரியுதே! நீங்க நீலத்தையே குடுங்க. இனிமேலாவது அதுங்க நல்லதைத் தின்னட்டும்."

"அவசரப்படாதீங்க. சிவப்புல பழகினதைத் திடீர்னு நீலத்துக்கு மாத்தினா, இருக்கிற கொஞ்சநஞ்ச உசிரும் போயிடும். நீலத்துல வளந்ததுக்குச் சிவப்பைப் போட்டாலும் அதே கதிதான். எதுல வளந்துச்சுன்னு முதல்ல தெரியணும்."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கணவர் பேச்சை நம்பினால் நீலம். கடைக்காரர் பேச்சை நம்பினால் சிவப்பு. தப்பாக எடுத்துப் போனால், தன் கையாலேயே பிள்ளையைக் கொன்ற மாதிரி ஆகிவிடும். மறுபடி போன் போட்டாள். இப்போது சுவிட்ச் ஆஃப் என்று வந்தது.

"விடுங்கம்மா, இதுக்குப் போய்க் கண் கலங்கிக்கிட்டு! பவளத்தைக் கண்ணால பாத்தா உப்பு எதுன்னு நானே சொல்லிடுவேன். போன வாரம்கூட சார் தொட்டியைப் போட்டோ எடுத்து அனுப்பினாரே." கடைக்காரர் தன் போனில் துழாவி, படத்தைப் பெரிதாக்கி அவளிடம் நீட்டினார்.

வாங்கிப் பார்த்தாள். சுவர் நீளத்துக்கு ஒரு தொட்டி. உள்ளே பழுப்பும் பச்சையுமாக விரிந்த பவளங்கள். ஒன்றுகூட அவள் வீட்டுடையது இல்லை. பின்னால் தொங்கிய மஞ்சள் திரையை அவள் பார்த்ததே இல்லை.

"இது வேற யாருதோ..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தவர் அவள் கணவர். போட்டிருந்தது, அவருடைய பிறந்தநாளுக்கு அவள் தைத்துக் கொடுத்த கோடுபோட்ட சட்டை.

கடைக்காரர் மேஜைமேல் சாய்ந்து படத்தை எட்டிப் பார்த்தார். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"பக்கத்துல நிக்கிற பாப்பா அப்படியே அப்பா ஜாடைதாம்மா!"