சில்வண்டுகள் அடங்கிய பிறகு

வால்பாறை மலைப்பாதையின் ஒன்பதாவது வளைவில் பஸ் நிற்கிறது. டிரைவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். வைகாசி வெயில் இலைகளில் பளபளக்க, காடெங்கும் ஒரே ரீங்காரம். சிங்காநல்லூர் மில்லில் இருபத்திரண்டு வருஷம் நூற்பு மிஷின் ஓட்டிய ராமுலுவுக்கு அது பழகிய சத்தம். தூக்கத்திலும் அவர் காதுக்குள் அதுதான் ஓடுகிறது. யாரிடமும் சொன்னதில்லை. இன்றைக்கு ஏன் இத்தனை பலமாக இருக்கிறது என்று யோசிக்கிறார். "ஏனம்மிணி, உனக்கும் கேக்குதா?" என்று பக்கத்திலிருக்கும் மனைவியிடம் கேட்கிறார். "கேக்காம என்னங்க? சில்வண்டு காதைத் தொளைக்குதே," என்கிறாள் வெங்கடலட்சுமி, மாங்காய்க் கீற்றைக் கடித்தபடி. அவர் அதிசயமாக அவளைப் பார்க்கிறார். தனக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்ததை இன்னொருத்தியும் கேட்கிறாள். மலைமேலிருந்து மேகம் இறங்கி வெயிலை மூடுகிறது. வண்டுகள் ஒரே நொடியில் அடங்கிவிடுகின்றன. "அப்பாடா, நின்னுபோச்சுங்க," என்கிறாள். "எனக்கு நிக்கல அம்மிணி," என்கிறார் ராமுலு மெதுவாக. "மில்லுச் சத்தம். ரொம்ப நாளாவே இருக்குது." அவள் மாங்காயை மடியில் வைக்கிறாள். பஸ்ஸில் யார் பார்த்தால் என்ன என்று சாய்ந்து, அவர் காதோடு தன் காதை ஒட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கிறாள்.