வட்டிலப்பம் இல்லாத சஹன்

"அங்க பார், உன்ர மச்சானுக்கு முன்னால வைச்சிருக்கிற சஹனை!"

தண்ணீரூற்றில் மாப்பிள்ளை வீட்டுச் சம்பந்திகள் கொடுத்த வலீமா என்னும் கல்யாண விருந்து. பெண்கள் பக்கத்துத் திரையை விலக்கித் தன் கணவரைப் பார்த்த, மணப்பெண்ணின் தாய் ஜெஸீமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் அந்தத் தட்டில் சிவப்பரிசிச் சோறும் சுட்ட மீனும் கீரையும்தான். மற்றச் சஹன்களில் எல்லாம் பிரியாணி, தித்திக்கும் வட்டிலப்பம்.

"மச்சானுக்குச் சீனி வருத்தம்தானே, தாத்தா" என்றாள், அக்காவைத் 'தாத்தா' என்றே கூப்பிடும் தங்கை நுஸ்ரத். "கால் விரலும் எடுத்தாச்சு."

"ஓம், வீட்டில நானே அவரோட சண்டை பிடிக்கிறனான். ஹலாலான சாப்பாடு, பிஸ்மி சொல்லித் திண்டா ஒண்டும் செய்யாது எண்டு நிக்கிற மனுசன். அதுக்காக, பொண்ணைக் குடுத்தவருக்குச் சபையில நோயாளிச் சாப்பாடா? எழும்பு, போவம்!"

"பொறுங்கோ தாத்தா. அதில ஒரு இடம் வெறுமையாக் கிடக்கு."

அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தான் மாப்பிள்ளை முஃபாஸ். மாப்பிள்ளையின் சஹனில் இடம் கிடைப்பதுதான் அந்தச் சபையிலேயே பெரிய மரியாதை.

மாமனார் நெளிந்தார். "மகன், இது உங்கட வலீமா. நீங்க வட்டிலப்பம் எடுங்கோ."

"ஹலால் எண்டாலும், உடம்பைக் கெடுக்கிறதைத் தின்னச் சொல்லி மார்க்கம் சொல்லேல்ல, மாமா. உங்களுக்கு ஆகாததை என்ர சஹனில வைப்பனா? பிஸ்மி சொல்லுங்கோ, தொடங்குவம்."

ஜெஸீமா திரையை இன்னும் அகலமாக விலக்கிவிட்டுப் பின்னாலிருந்த பெண்களைக் கூப்பிட்டாள்.

"அங்க பாருங்கோ, என்ர மருமகன்ர சஹனை!"