ஒட்டி மூடிய பெட்டிகள்

சற்குணத்தின் நிறுவனம் மூன்று வகை மேசைக் கணினிகளைச் செய்தது. சிறியது, நடுத்தரம், பெரியது. எதிலும் ஒரு திருகாணிகூடக் கிடையாது. வாங்கியவர் உள்ளே கை வைக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை.

ஒருநாள் ஒரு பெண் பழுதான கணினியைச் சுமந்துகொண்டு நேரே அவர் அறைக்கு வந்தாள்.

"செத்துப்போன என் பொண்ணு பேசினதெல்லாம் இதுக்குள்ளதான் சார் இருக்கு. திறந்து எடுத்துக் குடுங்க."

"உடைச்சாத்தாம்மா திறக்கும்," என்றார் சற்குணம்.

"உடைங்க."

அவரே ஓர் உளியை வரவழைத்துப் பெட்டியைப் பிளந்தார். உள்ளிருந்த டிஸ்க்கை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு அவள் போனாள்.

மாலையில் வடிவமைப்பாளர் தமயந்தி, நான்காவது மாடலின் வரைபடத்தைக் கையெழுத்துக்கு நீட்டினாள். சற்குணம் பேனாவை மூடி வைத்தார்.

"இதை எப்படித் திறக்கிறது?" என்று கேட்டார்.