மரத்துக்கு மரம் சிவப்பு

புதையல் டப்பா ஆதிரையின் மடியில் இருந்தது. பாறை இடுக்கில் அவளுக்கு எட்டாமல் இருந்த அதை எடுத்துக் கொடுக்கப் போய்த்தான் அவள் அப்பா செழியன் பாசியில் வழுக்கி விழுந்தான். முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. செல்போனில் சிக்னல் இல்லை. மூடுபனி எதிரிலிருந்த மரங்களை மறைத்துவிட்டு மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.

“சுகந்தி, பாப்பாவக் கூட்டிக்கிட்டு இறங்கு,” என்றான் மனைவியிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. “நான் கட்டின ரிப்பனப் பாத்துக்கிட்டே போனா நேரா ரோடு வந்துடும். ஆளுங்களையும் அதே வழியா கூட்டிட்டு வா.”

எந்த மலைக்குப் போனாலும் அதுதான் அவர்கள் வழக்கம். விடிந்ததும் அவன் முன்னால் போய் மரத்துக்கு மரம் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டு, உச்சியில் மகளுக்கு ஒரு புதையல் டப்பாவை ஒளித்துவைத்துக் காத்திருப்பான். அவர்கள் அதைத் தேடித் தேடி ஏறி வருவார்கள். இறங்கும்போதுதான் மூவருமாக அவிழ்ப்பார்கள். இன்று ஆதிரைக்கு அதுவரை பொறுக்கவில்லை. கண்டுபிடித்ததை அப்போதே வேண்டுமென்று அடம்பிடித்தாள். சுகந்திதான் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக அவிழ்த்து, மகளின் கையில் வளையல் வளையலாக முடிச்சுப் போட்டு, அப்பாவுக்குத் தெரியாமல் ஸ்வெட்டருக்குள் மறைத்துவிட்டிருந்தாள்.

“அப்பா, ரிப்பன் எல்லாம்...” என்று ஆதிரை ஸ்வெட்டர் கையைச் சுருட்டத் தொடங்கினாள். மணிக்கட்டில் முதல் சிவப்பு எட்டிப் பார்த்தது.

சுகந்தி அந்தக் கையைப் பிடித்து, ஸ்வெட்டரை விரல்நுனிவரை இழுத்து மூடினாள். பனிக்குள் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

“அங்கங்க சிவப்பா தெரியுதுங்க,” என்றாள். “இதோ வந்துடறோம்.”